கடைச்சாமான் பந்தயம்

பாண்டித்துரை கார்ப் பந்தயம் ஓட்டியவர் என்றால், அவரோடு ஒரே அறையில் படுத்துறங்குகிறவர்களே நம்ப மாட்டார்கள். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கேரேஜின் மூத்த மெக்கானிக் அவர். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். நடக்கும்போது இடது காலைச் சற்று இழுத்துப் போடுவார். சாலையைக் கடப்பதற்கு முன் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்.

"நீங்களாண்ணே ரேஸ் ஓட்டுனது? ரோட்டைக் கடக்கவே ஒரு டூட்டி நேரம் ஆகுது உங்களுக்கு" என்று அறையில் கிண்டல் செய்வார்கள்.

"ரேஸ்ல எதிர்ல வண்டி வராதுடா" என்பார் பாண்டித்துரை. அதற்கு மேல் வாதம் செய்ய மாட்டார்.

உண்மையில் ஓட்டியவர்தான். ஊரில் லாரிப் பட்டறையில் தொழில் படித்து, சவுதியின் ஜுபைலில் ஒரு ஒப்பந்தக் கம்பெனியின் பஸ்களுக்கு ஆயில் மாற்றிச் சில வருஷங்களைக் கழித்து, பிறகு ஷார்ஜாவுக்கு வந்தவர். கேரேஜின் உரிமையாளரை எல்லோரும் அர்பாப் என்பார்கள். அர்பாபுக்குப் பணம் தராமல் யாரோ விட்டுப்போன வெள்ளை நிற ஜப்பான் சலூன் கார் ஒன்று கேரேஜின் பின்புறம் கிடந்தது. அதைப் பாண்டித்துரை ஓய்வு நேரத்தில் ஓட வைத்தார். "நீயே ஓட்டிக்கொள். எனக்குச் செலவு வைக்காதே" என்றார் அர்பாப். அந்த இரண்டு வாக்கியங்களின் மேல்தான் பாண்டித்துரையின் பந்தய வாழ்க்கை நின்றது.

உம்முல் குவைனைத் தாண்டி, மணலுக்கு நடுவே பழைய தார்ச் சாலைப் பந்தயச் சுற்று ஒன்று உண்டு. குளிர்காலத்து வெள்ளிக்கிழமைக் காலைகளில் ஒரு சிறு கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. கிளப்பைத் தொடங்கிய வெள்ளைக்கார என்ஜினியர் அதற்கு ஸ்டாக் கார் பந்தயம் என்று பெயர் வைத்திருந்தார். கடையில் இருப்பில் உள்ள வண்டியை, கடையில் இருப்பில் உள்ள சாமானைக் கொண்டே ஓட்டுவது. இன்ஜினுக்குள் வேறு எதுவும் போகக் கூடாது. துபாய் தேராவில் உதிரிபாகக் கடையின் கவுண்டரில் நிற்கும் கீழக்கரை நெய்னா முகம்மது இதைக் கேட்டுவிட்டு, "அப்ப இது நம்ம கடைச்சாமான் ரேஸுன்னு சொல்லுங்க" என்றார். தமிழ் ஆட்களிடையே அந்தப் பெயரே நிலைத்தது.

இரண்டாயிரமாவது ஆண்டிலிருந்து மூன்று குளிர்காலங்கள் பாண்டித்துரை அங்கே ஓட்டினார். அந்தக் காலைகளைப் பற்றிக் கேட்டால் வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார். மணலில் இறக்கி வைத்த பொருட்களைப் பற்றிச் சொல்வார். எல்லோரும் ஓட்டிக்கொண்டு வந்த வண்டியிலேயே பந்தயம் ஓட வேண்டும். ஆகவே கனத்தைக் குறைக்க ஸ்டெப்னி, ஜாக்கி, குழந்தையை உட்கார வைக்கும் சீட்டு, தண்ணீர் கேன், தொழுகை விரிப்பு எல்லாவற்றையும் இறக்கிச் சுற்றின் ஓரத்தில் வரிசையாக வைப்பார்கள். ஒருவருடைய குடும்பம், தொழில், சோம்பேறித்தனம் எல்லாம் அந்தச் சின்னக் குவியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். எகிப்துக்காரர் ஒருவரின் டிக்கியிலிருந்து ஒரு முறை முழு மூட்டை வெங்காயம் இறங்கியது. பந்தயம் முடிந்து ஜும்ஆ தொழுகைக்கு முன் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டு அதே வண்டியில் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

வேலி ஓரத்தில் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்ஸி ஓட்டுகிறவர்கள். அவர்கள் டூட்டியில் ஓட்டும் அதே வண்டி, அதே இன்ஜின், கண் முன்னால் சுற்றி வரும். எந்த வளைவில் எந்தக் கியர் என்று ஓட்டியவனிடமே வந்து சண்டை போடுவார்கள். வேகத்தைக் கண்டு வியப்பதற்கு நமக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாதாடுவதற்குத்தான் அந்தப் பொருள் கொஞ்சமாவது நம்முடையதாக இருக்க வேண்டும்.

சோதனையும் அப்படித்தான், வெட்டவெளியில். முதலில் வந்தவரின் இன்ஜினைத் திறப்பார்கள். நெய்னா முகம்மது பந்தயத்தில் ஓடுகிறவர் அல்ல என்பதால், கடையிலிருந்து அதே சாமான்களைச் சீல் உடைக்காத பெட்டிகளில் கொண்டுவரும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் சீலை உடைப்பார். பழைய படுக்கை விரிப்பில் கடைச்சாமானும் வண்டிச்சாமானும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் குனிந்து பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம். பிறகு இரண்டாவதாக வந்தவர்தான் அந்த இன்ஜினைப் பூட்டிக் கொடுக்க வேண்டும். தோற்றவன் ஜெயித்தவனின் வண்டிக்கு ஹெட் போல்ட் முடுக்கும் காட்சி வேறெங்கும் இருந்ததா என்று தெரியவில்லை. பாண்டித்துரை இரண்டு முறை ஜெயித்தார். பல முறை போல்ட் முடுக்கினார்.

பழைய காலம் முழுவதும் பொன்னாக இருந்ததில்லை. மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு வண்டியின் கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. ஆயில் தீப்பற்றி, ஓட்டிய இளைஞனின் பாதம் வெந்துபோனது. அந்த ராடு கடைச்சாமான். வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஓட்டுவதற்காகச் செய்த பொருள், பந்தயத்துக்குத் தாங்கவில்லை. கிளப்பின் செயலாளர் வெங்கட்ராமன், ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு மேலாளர், திருச்சிக்காரர், மருத்துவமனைக்குப் போய் அந்த இளைஞனோடு உட்கார்ந்திருந்தவர். அடுத்த ஆண்டே விதியைத் தளர்த்தினார். பந்தயத்துக்கென்றே செய்த ராடு, பிஸ்டன், கேம்ஷாஃப்ட் எல்லாம் போடலாம் என்றானது.

அதன் பிறகு எந்த ராடும் முறியவில்லை. பாண்டித்துரையும் ஓட்டவில்லை. செலவு வைக்காதே என்ற அர்பாபின் இரண்டாவது வாக்கியம் குறுக்கே நின்றது.

ஆனால் கேரேஜுக்கு வேலை வந்தது. ஹமத் என்ற உள்ளூர் இளைஞர், கல்பாவில் துறைமுக அலுவலகத்தில் வேலை செய்கிறவர், வெளிநாட்டிலிருந்து சாமான் வரவழைத்துத் தன் இன்ஜினைப் பாண்டித்துரையிடம் கட்டச் சொன்னார். கட்டிக் கொடுத்தார். ஹமத் கோப்பைகளை வாங்கினார். ஒவ்வொரு முறையும் "பாண்டி பாய், ஆதா கப் தும்ஹாரா" என்று பாதிக் கோப்பை உன்னுடையது என்பார். பாதிக் கோப்பையில் டீ குடிக்க முடியுமா என்று பாண்டித்துரை தமிழில் முனகுவார். கேரேஜின் பின்புறத்தில் வெள்ளை வண்டியின் டயர்கள் மெல்ல மெல்லத் தரையோடு தரையாகின.

மனிதன் எதை இழந்தான் என்பது அவனுக்கே உடனே தெரிவதில்லை. நல்ல சம்பளம், நல்ல பெயர். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் சுற்றின் ஓரத்தில் கையில் ஸ்பேனரோடு நிற்கும்போது, கொடி அசைந்ததும் வலது கால் தானாகத் தரையை அழுத்துவதைப் பாண்டித்துரை கவனித்திருந்தார்.

இரண்டாயிரத்து ஏழில் கிளப் தளர்ந்துவிட்டது. எட்டு வண்டிக்கு மேல் வருவதில்லை. வேலி ஓரம் வெறிச்சோடிக் கிடந்தது. மறுபடியும் கடைச்சாமானுக்கே திரும்பலாமா என்று முடிவு செய்ய, தேராவில் அப்ரா படகுத் துறைக்குப் பக்கத்து ஓட்டல் மாடியில் கூட்டம் போட்டார்கள். ஆங்கிலமும் இந்தியும் கலந்து பேச்சு நடந்தது. தமிழில் மோத வேண்டியவர்கள் தமிழில் மோதிக்கொண்டார்கள்.

"பாண்டித்துரை, நீங்க திரும்பிப் போகணும்னு சொல்ற இடம் எங்கே இருக்குன்னு காட்டுங்கோ, நானும் வரேன்" என்றார் வெங்கட்ராமன். "அந்தப் பையன் காலை நீங்க பார்க்கலை. நான் பார்த்தேன்."

"ராடை மட்டும் ஸ்பெஷலா வச்சுக்கோங்க சார். நான் வேண்டாங்கல. உசுரு சம்பந்தப்பட்டது. மத்ததெல்லாம் எதுக்கு?"

"ஒண்ணை விட்டா இன்னொண்ணு. எது சாதாரணம், எது ஸ்பெஷல்னு கோடு எங்கே போடறது? ஜப்பான்ல எவனோ நூறு வண்டிக்கு மட்டும் செஞ்ச பிஸ்டனைக் கொண்டுவந்து, இதுவும் கடையில வித்ததுதான்னு நிப்பான். என்ன செய்வீங்க?"

நல்ல கேள்வி. பாண்டித்துரை டீ டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அன்னைக்குத் தேதியில, கடையில போயி யாரு கேட்டாலும் குடுக்கணும் சார். அப்படிக் குடுத்தா அது சாதாரணம். என்னைக்கோ வித்ததெல்லாம் கணக்குல வராது. இப்படி எழுதிக்கோங்க."

"அன்றைய தேதியில்" என்ற சொல்லை வெங்கட்ராமன் இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்தார். ஹமத் முதலில் கை தூக்கினார். "கடைச்சாமானில் ஓட்டி ஜெயித்தால், பணம் ஜெயிக்கவில்லை, நான்தான் ஜெயித்தேன் என்று என் தம்பிகளாவது நம்புவார்கள்" என்றார். வெங்கட்ராமன் மட்டும் கடைசிவரை கை தூக்கவில்லை. ராடு மட்டும் விலக்கு, மற்றதெல்லாம் கடைச்சாமான் என்று தீர்மானம் நிறைவேறியது.

அன்று இரவு பாண்டித்துரை ஊருக்குப் போன் செய்து மனைவி ஜெயமணியிடம் சொன்னார்.

"இந்த வயசுல காரை ஓட்டி யாருக்குப் படம் காட்டப் போறீக? அங்க எவளாச்சும் பாக்குறாளா?"

"பாக்குறதெல்லாம் பாகிஸ்தான் பட்டாணி டாக்ஸி டிரைவருங்கதான்."

"அப்பச் சரி, ஓட்டுங்க."

வெள்ளை வண்டிக்குப் புது டயர் போட அர்பாப் சம்மதித்தார். இன்ஜினை முழுதாக இறக்கிக் கட்ட வேண்டியிருந்தது. பாண்டித்துரையின் கட்டிலுக்கு அடியில், துணி சுற்றிய அட்டைப்பெட்டியில் நான்கு பிஸ்டன்கள் இருந்தன. பல வருஷத்துக்கு முன் ஒரு கடையை மூடும்போது அவர் வாங்கி வைத்தவை. பெட்டியில் ஜப்பான் என்று அச்சடித்திருக்கும். வளைகுடாவில் மெக்கானிக்காக இருப்பவர்களுக்கு அந்தச் சொல் ஒரு மதம் மாதிரி. அதே சாமான் இப்போது தாய்லாந்திலிருந்து வருகிறது. பாக எண் அதேதான். வாலில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். வாலில் உள்ள எழுத்து எந்த நாட்டுச் சரக்கு என்பதைத்தான் சொல்கிறது என்பது இண்டஸ்ட்ரியல் ஏரியா முழுவதும் நிலவிய நம்பிக்கை. ஒரே சாமான், ஜப்பான் சரக்கு உயர்ந்தது, தாய்லாந்து சரக்கு பரவாயில்லை. அவ்வளவுதான். பாண்டித்துரையும் அப்படித்தான் நினைத்தார். தன் வண்டிக்கு ஜப்பானையே போட்டார்.

முதல் பந்தயத்துக்குப் பதினேழு வண்டிகள் வந்தன. மணலில் மறுபடியும் ஸ்டெப்னிகளும் குழந்தை சீட்டுகளும் இறங்கின. பாண்டித்துரை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வயது கூடிவிட்டதென்று முதல் வளைவிலேயே தெரிந்தது. முன்பு கழுத்து வலித்ததில்லை. ஆனால் மூன்றாவது சுற்றில் கைக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நேர்ச்சாலையில் அவர் வண்டி மற்ற வண்டிகளைவிட ஒரு துளி முன்னால் இழுத்தது. கடைசிச் சுற்றில் ஹமதைத் தாண்டி முதலில் வந்தார்.

வேலி ஓரத்திலிருந்து பெஷாவர்க்காரர் ஒருவர் கத்தினார். "அரே கிழவா, மூணாவது வளைவுல என்ன பிரேக்கு அது? அந்த இடத்துல நான் பிரயாணியோட இதைவிட வேகமாப் போவேன்!" பாதி இந்தி, பாதி சைகை. பாண்டித்துரைக்கு அது கோப்பையைவிட இனித்தது.

ஹெட்டைக் கழற்றினார்கள். நெய்னா முகம்மது விரிப்பைப் போட்டு, சீலை உடைத்து, புது பிஸ்டனை எடுத்து, பாண்டித்துரையின் இன்ஜினுக்குள் தெரியும் பிஸ்டனோடு ஒப்பிட்டார். குனிந்தவர் நிமிரவில்லை.

பாண்டித்துரை பக்கத்தில் வந்து பார்த்தார். கடையிலிருந்து வந்த பிஸ்டனின் தலையில் குழி ஆழமாக இருந்தது. தன்னுடையதில் குழி ஆழமில்லை. வித்தியாசம் விரல் நுனிக்குத்தான் தெரியும். ஆனால் இருந்தது. வாலில் மாறிய எழுத்து நாட்டைச் சொல்லவில்லை. வார்ப்பே மாறிவிட்டது என்பதைச் சொல்லியிருக்கிறது. நேர்ச்சாலையில் வண்டி ஒரு துளி முன்னால் இழுத்தது எதனால் என்று அவருக்கு அப்போது புரிந்தது. ஆழமில்லாத குழி என்றால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் இழுவை கூடும்.

நெய்னா முகம்மது குனிந்தபடியே, வாய் அசையாமல் தமிழில் சொன்னார். "பாண்டி, என் வண்டி டிக்கியில பழைய ஜப்பான் பொட்டி ஒண்ணு கெடக்கு. கடையில மூலையில கெடந்ததுதான். பொய்யில்ல. இன்னைக்கும் கேட்டா குடுப்பேன். அதையும் எடுத்தாந்து இந்த விரிப்புல வைக்கிறேன். என்ன சொல்றீங்க?"

சுற்றிலும் ஆட்கள். அன்று வந்திருந்தவர்களில் தமிழ் தெரிந்த வேறொருவர் வெங்கட்ராமன்தான். அவர் இன்னும் கூட்டத்தைத் தாண்டி வரவில்லை. தலையை ஆட்டினால் போதும். ஜெயித்தது ஜெயித்ததாகவே இருக்கும்.

"கடையில மொத்தம் எத்தனை கெடக்கு பாய்?"

"இந்த ஒரு பிஸ்டன்தான்."

"ஒரு வண்டிக்கு நாலு வேணுமே."

நெய்னா முகம்மது அவரை நிமிர்ந்து பார்த்தார். "சரியான கிறுக்கன்யா நீர்" என்றார். டிக்கிப் பக்கம் போகவில்லை.

ஹமத் வந்து பார்த்தார். சிரித்தார். "மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்லை, பாண்டி பாய். பழசோ புதுசோ, ஒரே நம்பர்தானே? எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று அரபியும் இந்தியுமாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் பாண்டித்துரைக்குச் சங்கடமாக இருந்தது. அந்த மனசு இல்லாத ஒருவன் நாளை இரண்டாவதாக வரலாம்.

"நம்பர் ஒண்ணுதான். சாமான் வேற" என்று பாண்டித்துரையும் இந்தியில் சொன்னார். "நீங்கதான் ஃபர்ஸ்ட்."

அதற்குள் வெங்கட்ராமன் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். பிஸ்டன் இரண்டையும் பார்த்தார். மற்ற யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு குத்தல் வந்திருக்கும். அவருக்கும் வந்தது. ஆனால் மெதுவாக வந்தது.

"நான் அன்னிக்கே கேட்டேன், பாண்டித்துரை. திரும்பிப் போற இடம் எங்கேன்னு. பாருங்கோ, நீங்க திரும்பி வர்றதுக்குள்ள அது நகர்ந்து போயிடுத்து."

"ஆமா சார். நகந்துதான் போச்சு." பாண்டித்துரை கையைத் துணியில் துடைத்தார். "நான்தான் பழைய இடத்துக்கு வந்து நின்னுட்டேன். கடை இருக்கிற இடத்துக்கு வரணும்."

வெங்கட்ராமன் சொன்னதும் சரிதான், பாண்டித்துரை சொன்னதும் சரிதான். சாதாரணம் என்பது ஒரு பொருளோடு பிறந்து அதோடு தங்கிவிடுகிற குணமாக இருந்தால் வெங்கட்ராமனின் கவலைக்கு முடிவே இல்லை. அது ஓர் ஊரும் ஒரு காலமும் சேர்ந்து தினமும் செய்துகொள்கிற ஏற்பாடு என்றால், அதைத் தினமும் போய்க் கேட்டு வாங்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைக்க முடியாது. ஆசையாகச் சேர்த்து வைத்தது எதுவும், சேர்த்து வைத்ததாலேயே அபூர்வமாகிவிடுகிறது.

அன்று அறைக்குத் திரும்பியதும் ஜெயமணிக்குப் போன் செய்தார்.

"ஜெயிச்சீகளா?"

"முதல்ல வந்தேன். ஜெயிக்கல."

"அதென்ன கணக்கு? நம்ம ஊரு எலக்சன் மாதிரி இருக்கு."

சொன்னார். பிஸ்டன், குழி, வால் எழுத்து எல்லாவற்றையும் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டாள், அல்லது போனைக் கீழே வைத்துவிட்டு உலையைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கடசியில சேதி என்ன? இனிமே ஓட்ட விடமாட்டாகளா?"

அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்கு அதுவரை தோன்றவில்லை. "யாரு விடமாட்டாக? அடுத்த மாசம் இருக்கு. சாமானை மாத்திட்டா ஓட்டலாம்."

"அப்பறம் எதுக்கு எழவு வீட்டுல இருந்து பேசுற மாதிரி பேசுறீக? வைங்க போனை. காசு ஓடுது."

மறுநாள் டூட்டி முடிந்ததும் தேராவுக்குப் பஸ் ஏறினார். கவுண்டரில் நெய்னா முகம்மது ஒன்றும் கேட்காமல் தாய்லாந்துப் பெட்டிகள் நான்கை எடுத்து வைத்தார். பிறகு அடக்க முடியாமல், "இந்த வாய்தானே தாய்லாந்து சாமானைத் தகரம்னு சொன்னது?" என்றார். பாண்டித்துரை காது கேட்காதது போல் பெட்டிகளைப் பைக்குள் அடுக்கினார்.

அடுத்த பந்தயத்தில் வண்டி நேர்ச்சாலையில் எல்லா வண்டிகளையும் போலவே இழுத்தது. வளைவுகளில்தான் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. பாண்டித்துரை ஐந்தாவதாக வந்தார். ஐந்தாவதாக வந்தவனின் இன்ஜினை யாரும் திறந்து பார்ப்பதில்லை. விரிப்பைச் சுற்றிக் கூட்டம் கூடிக்கொண்டிருந்தபோது அவர் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் டிக்கியில் ஏற்றினார். தண்ணீர் குடித்தார். ஹமத் தொலைவிலிருந்து கை அசைத்தார். இவரும் அசைத்தார். ஷார்ஜா சாலைக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டார். நான்காவது கியரில் கிளட்ச் லேசாக நழுவியது. அடுத்த மாதத்துக்குள் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டார்.